வீட்டு அடுப்பு, கடை அடுப்பு: தீயைச் சரிசெய்வதில் என்ன வித்தியாசம்?

நாகர்கோவிலில் வீட்டு அடுப்புக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கும் கடை அடுப்புக்கும் எரிவாயு ஒன்றுதான், அழுத்தம்தான் வேறு. வீட்டு ரெகுலேட்டர் வாயுவைச் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் நிலையாக விடும், கூட்டிக் குறைக்க முடியாது. கடையில் உள்ள ஹை பிரஷர் ரெகுலேட்டரைக் கையால் திருகலாம்.

வீட்டு அடுப்பில் தீ மஞ்சளாகி, பாத்திரம் கரி பிடித்தால் காற்று போதவில்லை. கார்பன் மோனாக்சைடும் சேரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிலிண்டரை மூடி, ஆறிய பர்னரைக் கழுவி, துளைகளில் அடைப்பு நீக்கி, முழுக்க உலர்த்துங்கள். வாயுவும் காற்றும் கலக்கும் குழாயில் சிலந்தி வலை இருக்கிறதா பாருங்கள். வாயு பீய்ச்சும் சிறு துளையுள்ள ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். துளை பெருத்தால் வாயு கூடும், மஞ்சள் தீயும் போகாது. புது ஜெட்தான் வழி. குளச்சல், முட்டம் கரையோரம் உப்புக்காற்றால் ஆரஞ்சுப் பொறி தெறிக்கும். கரி இல்லையென்றால் அது காற்றுக்குறை அல்ல. ஆனால் அதே உப்பு இரும்பு பர்னரை அரிக்கும். அங்கே பித்தளையே நல்லது.

கடை அடுப்பில் முதலில் அழுத்தம், பிறகுதான் உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்று வளையம். தீயின் மஞ்சள் முனை மறையும்வரை வளையத்தை மெல்லத் திறந்து நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் தீ பர்னரை விட்டு எழும்பி இரையும், அணைந்தும் போகும். அழுத்தத்தை மாற்றும்போதெல்லாம் வளையத்தையும் பார்க்க வேண்டும். ‘டப்’பென்று தீ உள்ளே இறங்கி ஜெட்டில் எரிந்தால் உடனே மூடி, ஆறவிட்டு, வளையத்தைக் குறைத்துப் பற்றவையுங்கள். வீட்டு ரப்பர் குழாயை இதில் மாட்டவே கூடாது.