ரீசெட் பட்டனும் புதன்கிழமை இரவும்: பைதான் படிக்க கோர்செராவா, என்பிடெலா?

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் கேட்டார்: "டீச்சர், பைதான் கத்துக்கணும். கோர்செராவுல சேரவா, என்பிடெல்லயா?" அதற்குள் மணி அடித்துவிட்டது. "என்பிடெல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன். பைதான் கணினி நிரல் எழுதும் ஒரு மொழி; கோர்செராவும் என்பிடெலும் இணையத்தில் பாடம் நடத்தும் தளங்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன். அவருக்கும் உதவும், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் 2019இல் பைதான் வந்தது. நான் கல்லூரியில் படித்ததோ சி, சி++. வருஷக்கணக்காக அதையே நடத்திப் பழகியவள். கோவில்பட்டியிலிருந்து பைதான் வகுப்புக்கு என்று தினமும் மதுரைக்குப் போய்வர முடியாது. வீட்டில் இருந்தபடியே படிப்பதுதான் ஒரே வழி. இரண்டு இடத்திலும் சேர்ந்தேன். ஒன்றைப் பாதியில் விட்டேன், ஒன்றை முடித்தேன்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோர்செராவில் மாதச் சந்தா, உதவி கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. என்பிடெல்லில் சேர்வதும் படிப்பதும் இலவசம். தேர்வு எழுதினால் மட்டும் 1000 ரூபாய். இரண்டிலுமே பாடம் ஆங்கிலத்தில்தான். என்பிடெல் பாடங்கள் பலவற்றுக்குத் தமிழில் எழுத்து வடிவம் கிடைக்கிறது.

பாடம் நடத்தும் விதத்தில் கோர்செராவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான் சேர்ந்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் செவரன்ஸ் நடத்தும் 'பைதான் ஃபார் எவ்ரிபடி'. ஐந்து பாடங்கள் கொண்ட தொகுப்பு. நிரல் என்றாலே பயப்படுகிறவருக்கும் புரிகிற மாதிரி பேசுவார். வீடியோக்கள் சின்னச் சின்னதாக இருக்கும். பயிற்சியை அங்கேயே எழுதி ஓட்டினால் சரியா தப்பா என்று அப்போதே தெரிந்துவிடும். அந்தப் பாடம் முழுவதையும் தன் இணையதளத்தில் இலவசமாகவும் வைத்திருக்கிறார். 'லிஸ்ட்', 'டிக்‌ஷனரி' என்று பைதானில் தகவலை அடுக்கி வைக்கும் இரண்டு முறைகளும் எனக்கு அவரிடம்தான் தெளிவாயின.

அப்புறம் ஏன் விட்டேன்? மூன்றாவது பாடத்தில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' (எழுத்துக்குள் ஒரு வடிவத்தைத் தேடும் முறை) வந்த சமயம் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு. விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்தது. பயிற்சியை அனுப்ப வேண்டிய ஒரு கெடு தாண்டியது. திறந்து பார்த்தால், தேதிகளைத் திருப்பி அமைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டன். ரீசெட் செய்தேன். எல்லாத் தேதியும் நகர்ந்தது. பொங்கல் முடிந்து மறுபடி ரீசெட். மார்ச்சில் பொதுத்தேர்வு வேலை, மறுபடி ரீசெட். யாரும் கேட்கவில்லை, எதுவும் கைவிட்டுப் போகவில்லை. கடைசியில் சந்தாவை நிறுத்தியபோது எனக்கு வருத்தம்கூட வரவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்த ஜூலையில் என்பிடெல்லில் சேர்ந்தேன். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, ஆன்லைன் சான்றிதழ் தரத் தொடங்கியது 2014இல். நான் எடுத்தது ரோபர் ஐஐடியின் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் 'தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைதான்', 12 வாரம். வாரம் ஒரு தொகுதி வீடியோ வரும், அதற்கு ஒரு அசைன்மென்ட். கடைசி நாள் புதன்கிழமை இரவு 11:59. 12:00 மணிக்குப் பக்கம் மூடிவிடும். நீட்டிக் கேட்க ஆள் கிடையாது. 12 அசைன்மென்ட்டில் நன்றாகச் செய்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. நான்கு வாரம் சொதப்பினாலும் தப்பிக்க இடம் இருக்கிறது. ஐந்தாவது தவறினால் அது சராசரியிலேயே உட்கார்ந்துவிடும்.

என் வீட்டில் அந்த மூன்று மாதமும் புதன்கிழமைக்குத் தனி முகம் வந்துவிட்டது. சீக்கிரம் சாப்பாடு, பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு அடுப்படி மேடையிலேயே லேப்டாப். ஒரு புதன்கிழமை 11 மணிக்குக் கரண்ட் போனது, ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் வேலையைத் தொடர்ந்தேன். என் நிரல் சரியான விடையைத்தான் தந்தது. ஆனால் கடைசி வரிக்குப் பின்னால் தேவையில்லாமல் ஒரு புது வரி விழுந்திருந்தது, வடிவப் பிழை என்று காட்டியது. அந்த ஒரு வரியை எடுக்க 'பிரிண்ட்' கட்டளைக்குள் 'எண்ட்' என்று ஒன்று உண்டு என்பதை 11:40க்குத் தேடிப் படித்தேன். அதை இனி இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கோர்செராவில் இருந்திருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று மூடியிருப்பேன், நிச்சயமாக.

இது என் ஒருத்தியின் பலவீனம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களின் கணக்கைப் பார்த்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம். அது வேறு தளம், அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் பணமோ தேதியோ எதாவது ஒன்று பின்னால் நின்று தள்ளினால்தான் நம்மில் பலர் கரை சேர்கிறோம் என்று எனக்குப் படுகிறது. சந்தா கட்டியும் நான் நின்றுபோனதால், என்னைத் தள்ளியது தேதிதான்.

என்பிடெல்லில் பணம் கேட்கும் நேரமும் நன்றாக அமைந்திருக்கிறது. ஜூலையில் சேர்ந்தால் தேர்வுக் கட்டணம் கட்ட ஆகஸ்ட் வரை நேரம் உண்டு. மூன்று நான்கு வாரம் படித்துப் பார்த்து, ஒத்துவந்தால் கட்டலாம். கட்டியபின் எனக்கு விடுவதற்கு மனசு வரவில்லை.

தேர்வு அக்டோபர் கடைசியில், திருநெல்வேலியில் ஒரு பொறியியல் கல்லூரியில். தீபாவளி நெருக்கத்தில் நின்றுகொண்டே பஸ்ஸில் போனேன். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, மூன்று மணி நேரம், எல்லாம் கம்ப்யூட்டரில். பக்கத்து நாற்காலியில் என் பழைய மாணவன், கல்லூரி மூன்றாம் வருஷம். "மிஸ், நீங்களுமா?" என்று எழுந்து நின்றுவிட்டான். 71 வாங்கினேன். 60க்கு மேல் என்பதால் சான்றிதழில் 'எலைட்' என்று போட்டிருந்தார்கள்.

என்பிடெல்லின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கொள்குறிக் கேள்விகளுக்கு விடை சரியா என்பது கெடு முடிந்த பிறகுதான் தெரியும். அதற்குள் அடுத்த வாரப் பாடம் வந்துவிடும். நிரல் பயிற்சியிலும் நம் நிரலைச் சரிபார்க்கும் சில சோதனைகளைக் கடைசி வரை காட்ட மாட்டார்கள். வீடியோவில் பேச்சு சில இடங்களில் இழுக்கும், நான் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தேன். பருவத்தைத் தவறவிட்டால் அந்தப் பாடம் மறுபடி வரும் வரை காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையோடு இருப்பவர், ஷிஃப்டு மாறி மாறி வேலை பார்ப்பவர் எல்லாம் புதன்கிழமையோடு மல்லுக்கட்ட முடியாது. அவர்களுக்கு அந்த ரீசெட் பட்டன் பெரிய உதவி, கோர்செராவே நல்லது. நான் இரண்டிலும் பார்த்தது ஆரம்பநிலைப் பாடம் மட்டும்தான். மெஷின் லேர்னிங் மாதிரி மேலே போகிறவர்கள் அதைப் படித்தவர்களிடம் கேட்பது நல்லது. சான்றிதழால் என் சம்பளமும் ஏறவில்லை. கல்லூரி ஆசிரியர்களுக்கு 12 வாரப் பாடத்தை ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாக ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஏற்றுக்கொள்கிறது. பள்ளியில் எனக்கு அப்படி ஒன்றுமில்லை.

எனக்குக் கிடைத்தது வகுப்பறையில் கிடைத்தது. அந்தப் பாடத்தில் ஃபிளேம்ஸ் விளையாட்டுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு பேரின் பெயரில் பொதுவான எழுத்துகளை அடித்துவிட்டு, மிச்சத்தை எண்ணி, ஆறு எழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக அடிப்போமே, அதேதான். அதைப் பிளஸ் டூவில் கரும்பலகையில் போட்டேன். 'லிஸ்ட்'டிலிருந்து ஒரு உறுப்பை நீக்கிக்கொண்டே அதே 'லிஸ்ட்'டின் மேல் 'ஃபார்' என்ற சுழற்சிக் கட்டளையை ஓட்டினால் ஓர் எழுத்து ஏன் விட்டுப்போகிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். அதுவரை அந்த வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதில்லை.

இப்போது வாரம் ஒரு நிரல் கணக்கு கொடுக்கிறேன். பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, நோட்டில் எழுதினால் போதும். கடைசி நாள் புதன்கிழமை. நாலு மணி பெல்லுக்கு அப்புறம் வாங்குவதில்லை என்பதால், மூணரைக்கே இரண்டு மூன்று பேர் ஸ்டாஃப் ரூம் சுவரில் நோட்டை அணைத்து வைத்து எழுதிக்கொண்டு நிற்பார்கள். போன புதன்கிழமை கணக்கு டீச்சர் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். ஜூலைப் பருவத்துக்குச் சேர்க்கை திறந்ததும் அவருக்குச் சொல்லுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.