வளவு கூட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்

வன்னியில் பெரிய வளவு வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் காணியை ஊரில் விட்டுவிட்டு கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள், இதை ஒருக்கா முழுதாக வாசியுங்கள். சருகு கூட்டித் துப்புரவாக்கித் தருகிறோம் என்று லான்ட்மாஸ்டரோடு, அதாவது பெட்டி பூட்டின இரண்டு சில்லு உழவு மெஷினோடு வந்த ஒரு கோஷ்டியிடம் போன பங்குனியில் 24,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். காசை உழைத்துக்கொள்ளலாம். வளவுக்குச் செய்துவிட்டுப் போனதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எங்கள் காணி கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பக்கம், முக்கால் ஏக்கர் மேட்டுக்காணி. ஏழு வேம்பு, வேலியோரம் தேக்கு, பதினான்கு தென்னை, கிணற்றடியில் அப்பா நட்ட கறுத்தக்கொழும்பான் மா. 2008 கடைசியில் சண்டையால் இடம்பெயர்ந்து 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குள் தகரமும் டயரும் கிடந்தன, இந்த மா மட்டும் அப்படியே நின்றது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் மறக்க மாட்டேன்.

ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சிக்குச் சருகு என்றால் ஐப்பசி மாதத்து வேலை; கடதாசிப் பையில் அடைத்து வாசலில் வைத்தால் நகரசபை லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். எங்களுக்கு மாசி கடைசியில் வேம்பு கொட்டத் தொடங்கினால் பங்குனியிலும் ஓயாது, விடியக் கூட்டின இடம் மத்தியானம் மறுபடி மஞ்சளாகக் கிடக்கும். அம்மாவுக்கு 78 வயது, இந்த வருடம் முழங்கால் நோவால் விளக்குமாறு பிடிக்க முடியவில்லை, நான் வேலை முடிந்து வீடு வரப் பின்னேரம் ஐந்து மணி தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் படலையடியில் வந்து நின்றார்கள்.

"அக்கா, இலை ஊதுற மெஷின் இருக்கு, ஒரே நாளில முடிச்சுத் தாறம்" என்றார் பொறுப்பாக வந்தவர். நல்ல மரியாதையான கதை. 18,000 பேசி 10,000 அட்வான்ஸ் வாங்கினார். சருகில் பாதியைத் தென்னையடிகளில் வட்டமாகப் பரப்புவது, மிச்சத்தைப் பின்னால் இருக்கிற குப்பைக் கிடங்கில் போடுவது என்று இடம் காட்டி இரண்டு தரம் சொன்னேன். எரிக்கக் கூடாது என்பதையும் சொன்னேன். ஓமோம் என்று தலையாட்டினார்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கே வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. முற்றம் அம்மி போலத் துடைத்துக் கிடந்தது. தங்கச்சிக்கு அனுப்பினேன், அவளும் நல்ல வடிவாய் இருக்கு என்று எழுதினாள். சருகு கூடிவிட்டதால் மூன்று லோட் வெளியே ஏற்ற வேண்டியிருக்கிறது, அதற்கு 6,000 கூடுதல் என்று போனில் சொன்னார். படத்தைப் பார்த்த சந்தோஷத்தில் சரி என்றேன். மிச்சக் காசு முழுவதையும் அம்மா கையால் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

வீட்டுக்கு வந்து படலையைத் திறந்ததும் புகை மணம். மாவடியில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல், உள்ளே இன்னும் கணகணவென்று இருந்தது. அடிமரத்தில் கிணற்றுப் பக்கம் இரண்டடிக்குப் பட்டை கறுத்து வெடித்து, வெடிப்பு வழியாகப் பால் வடிந்துகொண்டிருந்தது. அம்மா கத்தியிருக்கிறா. அதற்கு அவர்கள் சொன்ன பதில், "மாவுக்குப் புகை போட்டால் நல்லாக் காய்க்கும் அம்மா." புகை போடுவது உண்மைதான், அப்பாவும் போட்டிருக்கிறார், ஆனால் அது பூக்க முதல், மரத்துக்குத் தள்ளி, பச்சைக்குழை போட்டு மூட்டமாகப் போடுவது. பிஞ்சு நிற்கிற மரத்தின் அடியில் காய்ந்த தேக்கிலையைக் குவித்துக் கொளுத்துவதற்கு அந்தப் பெயரைச் சொல்லலாமா? மூன்றாம் நாள் காலையில் பிஞ்சுகள் நெல்லிக்காய் அளவில் நிலம் முழுக்கக் கொட்டிக் கிடந்தன, அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தா.

இன்னொன்று, வன்னியில் நெருப்பு வைக்கிறவன் யோசித்து வைக்க வேண்டும். மிதிவெடி அகற்றிய பிறகுதான் எங்களை உள்ளே விட்டார்கள், என்றாலும் குப்பைக்கு நெருப்பு வைத்தபோது நிலத்துக்குள் கிடந்தது வெடித்த கதைகள் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எட்டு மீற்றர் தள்ளி விறாந்தையில் அம்மா இருந்தா.

பிறகு கிடங்கைப் போய்ப் பார்த்தேன், அது வெறுமையாக இருந்தது. நாலைந்து வருடமாகச் சருகும் மாட்டெருவும் சேர்ந்து மக்கி, கையில் எடுத்தால் தேயிலைத் தூள் போல உதிரும் கறுப்பு உரம், அடியோடு வழித்து எடுத்திருந்தார்கள். தென்னையடிகளிலும் மண்வெட்டியால் மேல்மண்ணைச் செதுக்கி அள்ளியிருக்கிறார்கள், சிவப்பு மண்ணில் வேர்கள் தாடி மயிர் போல வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. லோட் லோட்டாகப் போனது இதுதான். பூக்கன்று விற்கிற ஓர் இடத்தில் அந்த லான்ட்மாஸ்டர் இறக்கினதைப் பக்கத்து வீட்டு அண்ணை கண்டிருக்கிறார். உண்மையான சருகு எங்கே என்று தேடினால், வேலிக்குப் பின்னால் வெள்ளவாய்க்காலுக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் வீட்டுப் படி வரை தண்ணீர் நின்றது, வாய்க்கால் அடைபட்டால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதை அள்ள ஊர்ப் பெடியள் இரண்டு பேருக்கு இரண்டு நாள் பிடித்தது, சம்பளம் 12,000. முதலே அவர்களைப் பிடித்திருந்தால் நான் கொடுத்த 24,000க்கு இரண்டு பேர் நான்கு நாள் நின்று வேலை செய்திருப்பார்கள்.

பொறுப்பாக வந்தவருடைய போன் அன்று இரவிலிருந்து வேலை செய்யவில்லை. கையால் எழுதின துண்டு கூட என்னிடம் இல்லை.

இப்போதும் வீடு வீடாக வருகிறார்கள் என்று கேள்வி. கூப்பிடுவதென்றால் ஆள் நிற்கிற நாளில் கூப்பிடுங்கள், லான்ட்மாஸ்டர் திரும்பிப் போகப் படலையைத் தாண்ட முதல் பெட்டிக்குள் ஏறிப் பாருங்கள், முழுக் காசையும் கடைசியில் கொடுங்கள். வெளியில் இருப்பவர்கள் முற்றத்துப் படத்தை நம்பாமல் மரத்தடி, கிடங்கு, வேலிக்குப் பின்புறம் மூன்றையும் சொந்தக்காரர் யாரையாவது கொண்டு எடுப்பித்துப் பாருங்கள்.

மாவுக்குச் சாம்பலை அள்ளிவிட்டுப் பின்னேரத்தில் தண்ணீர் விடுகிறோம், கருகின இடத்துக்குச் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசியிருக்கிறோம். விரலால் தட்டினால் ஒரு பக்கம் இன்னும் கோறையாகத்தான் கேட்கிறது. மாரி மழை விழுந்து துளிர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.