சிங்க் அடைப்பு: வெந்நீரா, பவுடரா, பம்ப்பா, இல்லை கழற்றிவிடுவதா?

சிங்க்கில் தண்ணீர் தேங்கினால் முதலில் அடுப்பில் ஏறுவது வெந்நீர்தான். அது பாதிதான் சரி. எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர் நன்றாகவே கேட்கும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறையும் என்பதால் மார்கழிக் காலையில் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து கிடக்கும், நல்ல சூடான தண்ணீர் ஊற்றினால் இளகிவிடும். அடைத்திருப்பது தோசை மாவோ கஞ்சியோ என்றால் கதையே வேறு. அரிசி மாவு 70 டிகிரி வாக்கில் வெந்து கெட்டியாகும், அதாவது அடுப்பில் கூழ் காய்ச்சுவதைக் குழாய்க்குள் செய்கிறோம். மாவுப் பாத்திரம் கழுவி அடைத்துக்கொண்ட சிங்க்கில் ஒரு குண்டான் கொதிநீர் ஊற்றினேன், சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்ததும் நின்றுபோனது. போதாததற்கு, சாதாரண பிவிசி குழாய்க்கு 60 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. மாவு என்றால் பச்சைத் தண்ணீர்தான்.

ஆப்பசோடாவும் வினிகரும் பொங்குவதைப் பார்க்க ஏதோ நடப்பதுபோல் இருக்கும். ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு கரியமில வாயுவும் உப்புத் தண்ணீரும்தான் மிஞ்சுகிறது, வாயுவும் மேல்வழியாகவே போய்விடுகிறது. நாற்றம் குறையும், அடைப்பு போகாது.

கடையில் விற்கும் பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. கொழுப்பைச் சோப்பாக மாற்றும், முடியையும் கரைக்கும், மெதுவாக வடிகிற குழாய்க்கு உதவும் என்பது உண்மை. முழுக்க அடைத்த குழாயில் போட்டால் எங்கும் போகாமல் அங்கேயே நிற்கும், சில சமயம் கல்லாக இறுகியும் விடும், அப்புறம் அதைத் திறக்கிறவர் கையும் கண்ணும்தான் வெந்துபோகும். போட்டிருந்தால் பிளம்பர் வந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம்: எண்ணெயை அது கரைப்பதில்லை, சிமெண்டையும் மொசைக்கையும் அரிக்கும், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், காஸ்டிக் மேல் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும்.

ரப்பர் பம்ப்பைப் பலரும் வெறும் சிங்க்கில் வைத்து அழுத்திவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும், மேலே வழிந்தோடும் ஓட்டை இருந்தால் ஈரத்துணியால் அடைக்க வேண்டும், இரட்டை சிங்க் என்றால் மற்றதன் வாயையும். இருபது முறை வேகமாக மேலும் கீழும் இழுங்கள். தள்ளுவதைவிட இழுப்பதுதான் அடைப்பை அசைக்கிறது.

ஆனாலும் சமையலறைக்கு என் ஓட்டு கழற்றுவதற்குத்தான். கீழே ஒரு வாளி வைத்து, சிங்க்குக்கு அடியில் தொங்கும் குப்பி, அதாவது பாட்டில் டிராப்பின் அடிமூடியைக் கையால் திருகினால் தேங்காய்ச் சக்கை, டீத்தூள், பருப்பு எல்லாம் மொத்தமாக வந்து விழும். நெளிநெளியான வேஸ்ட் பைப் மட்டும் இருக்கிற வீட்டில் அதையே கழற்றி வெளியே கொண்டுபோய் அலசிவிடலாம், பத்து நிமிட வேலை. திரும்ப மாட்டும்போது வாஷர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கச் சொட்டும்.

குளியலறையில் எதிரி முடி. சீயக்காயும் சோப்பும் அதில் ஒட்டிக் கயிறாகத் திரிந்திருக்கும். ஜாலியைத் தூக்கி, உள்ளே கிண்ணம்போல் ஒரு மூடி இருந்தால் அதையும் எடுத்து, கையுறை போட்ட கையால் இழுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எட்டாவிட்டால் ஸ்பிரிங் கம்பி. தடை தட்டுப்பட்டதும் குத்தாமல் சுற்ற வேண்டும், குத்தினால் முடி இன்னும் உள்ளேதான் போகும்.

சிங்க்கில் ஊற்றும் தண்ணீர் குளியலறைத் தரையில் மேலேறி வந்தால் கோளாறு வெளிக் குழாயிலோ, வீட்டுக்கு வெளியே கழிவுநீர் வந்து சேரும் மூடிபோட்ட குழியான சேம்பரிலோ இருக்கிறது, மேலே சொன்ன எதுவும் அங்கே எடுபடாது. சேம்பருக்குள் ஒரு மனிதரை இறங்கச் சொல்லாதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உள்ளே தேங்கும் விஷவாயு சில நொடிகளில் உயிரை எடுத்துவிடும். மேலிருந்தே மூங்கில் பிளாச்சோ நீளக் கம்பியோ விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட் வண்டி. அது வரும்வரை மாடி வீட்டுக்காரர்களிடம் வாஷிங் மெஷினை நிறுத்தி வைக்கச் சொல்லிவிடுங்கள், கீழ்வீட்டில் ஏறுவது அந்தத் தண்ணீர்தான்.