ஸ்ப்ராங்கில் நிறம் கொண்டுவர மூணு வழி: எது எதுக்கு?

ஸ்ப்ராங் என்பது நூலைச் சட்டத்தில் கட்டிக் கையாலேயே துணி பின்னுகிற பழைய முறை. இதில் ஊடை, அதாவது குறுக்கு நூல், கிடையாது. சட்டத்தில் மேலும் கீழும் இழுத்துக் கட்டிய பாவு இழைகளையே, அதாவது நெடுக்கு நூல்களையே, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போக வேண்டும். அதனால் துணியில் வரப்போகிற நிறமெல்லாம் பின்னத் தொடங்கும் முன்பே பாவில் இருந்தாக வேண்டும், பாதி வேலையில் ஒரு பச்சைப் பட்டை வேண்டும் என்று தோன்றினால் ஊடை நூலை மாற்றிச் சமாளிக்கிற பேச்சே இல்லை. இன்னொரு சிக்கல்: இரண்டு நுனியும் கட்டிக் கிடப்பதால் மேலே நீங்கள் பின்னுகிற ஒவ்வொரு வரிசைக்கும் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு வரிசை தானாகவே விழும். வேலை பாதி மிச்சம், ஆனால் மேலே ஒரு பறவையைக் கொண்டுவந்தால் கீழே இன்னொன்று தலைகீழாகத் தொங்கும்.

முதல் வழி, பக்கத்து இழையைச் சுற்றிப் பிடிக்கிற சாதாரணப் பின்னலில் நிறப் பட்டைகள். ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்வது இதைத்தான். கம்பிவலை வேலியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அமைப்பு அச்சு அசலாக இதேதான்: ஒவ்வொரு கம்பியும் இடப்பக்கத்துக் கம்பியை ஒருமுறை, வலப்பக்கத்துக் கம்பியை ஒருமுறை பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போனாலும் தன் இடத்தை விட்டு நகராது. அதில் ஒரு கம்பிக்கு மட்டும் சிவப்பு அடித்தால் மேலிருந்து கீழ் வரை ஒரே சிவப்புக் கோடு. ஸ்ப்ராங்கிலும் அப்படித்தான், பாவில் வைத்த வரிசை அப்படியே நெடுக்குப் பட்டையாக வந்து நிற்கும். சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் இழை இடம் மாறாது என்பதே இதன் பலம், ஏனென்றால் பாவைக் கட்டி முடித்த பிறகு அதன் மேலேயே தூரிகையால் சாயம் பூசலாம், பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே நிறம் நிற்கும். மேல் பாதிக்கு நீலம், கீழ் பாதிக்கு மஞ்சள் என்று பூசினால் மேலே வருவதே கீழேயும் வரும் என்கிற அந்தக் கண்ணாடிப் பிம்பக் கட்டாயமும் உடைந்துவிடும். பின்னப் பின்னப் பாவு நீளம் குறைவதால் திட்டுகளின் ஓரம் கொஞ்சம் கலங்கும், எனக்கு அந்தக் கலங்கல்தான் பிடிக்கும்.

இரண்டாவது, இழைகள் ஒன்றை ஒன்று சுற்றாமல் மேலும் கீழுமாகக் கடந்து போகிற பின்னல். இங்கே எந்த இழையும் ஓரிடத்தில் நிற்காது, சாய்வாக ஓடிக் கரையைத் தொட்டுத் திரும்பி வரும். இடது பாதி சிவப்பு, வலது பாதி வெள்ளை என்று பாவு வைத்துத் தொடங்கிப் பாருங்கள். நடுவில் ஒரு முக்கோணமாக இரண்டும் கலக்க ஆரம்பித்து, அகலம் முழுக்கப் பரவி, அப்புறம் மெல்லப் பிரிந்து, ஒருகட்டத்தில் வெள்ளை இடப்பக்கமும் சிவப்பு வலப்பக்கமும் போய் நிற்கும். ஒரு முடிவும் எடுக்காமலே சாய்கோடும் கூர்முனையும் கிடைக்கின்றன. தேர்வு எல்லாம் பாவில்தான், விரலுக்கு வேலை உண்டே தவிர யோசனை இல்லை. இடுப்புப் பட்டைக்கு நல்லது. தொப்பிக்கு நான் இதை எடுக்க மாட்டேன், சுற்றிப் பிடிக்கிற பின்னல் அளவுக்கு இது விரிந்து கொடுக்காது.

மூன்றாவது இரட்டை அடுக்கு. சிவப்பில் ஒரு துணி, வெள்ளையில் ஒரு துணி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே சட்டத்தில் இரண்டையும் பின்னுகிறீர்கள், உருவம் வேண்டிய இடத்தில் மேலடுக்கைக் கீழே தள்ளிக் கீழடுக்கை மேலே எடுக்கிறீர்கள். முன்னால் வெள்ளையில் சிவப்புக் கட்டம் என்றால் பின்னால் சிவப்பில் வெள்ளைக் கட்டம். நிறத்தை விரல் தீர்மானிப்பது இந்த மூன்றில் இதில் மட்டும்தான், விலையும் அதற்கேற்ற மாதிரி: அதே அகலத்துக்கு இரண்டு மடங்கு இழை, ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு வேலை, துணியும் தடிமன். வரைகட்டத் தாளில் மாதிரியைப் போட்டுக்கொள்ளாமல் உட்காரவே கூடாது. ஒரு இழை அடுக்கு மாறி ஏறினால் அது கீழ்ப் பாதியிலும் ஏறியிருக்கும், கண்ணில் படுவதற்குள் பல வரிசை கடந்திருக்கும்.

இதெல்லாம் இன்றைய கிறுக்கு இல்லை. டென்மார்க்கின் போரும் எஷோய் மேட்டில் கிடைத்த வெண்கலக் காலக் கூந்தல் வலையே ஸ்ப்ராங்தான். கிரேக்கத்தின் ஈஜினா தீவில் உள்ள பழைய அஃபாயா கோயில் சிற்பங்களில் ஒரு வில்லாளியின் இறுக்கமான காலாடையில் நெருக்கமான வண்ணச் சாய்சதுரங்கள் உண்டு, அப்படிப்பட்ட ஆடை ஸ்ப்ராங்கால்தான் சாத்தியம் என்று ஜெர்மனியின் பழந்துணிப் பாதுகாப்பு வல்லுநர் டாக்மார் டிரிங்க்லர் தானே பின்னிக்காட்டி வாதாடியிருக்கிறார். மறுபக்கம், நிறமே தேவையில்லை என்கிற கட்சியும் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் வீட்டில் இருக்கிற, பிரிட்டிஷ் தளபதி பிராடக்கிடமிருந்து அவருக்கு வந்த பட்டு இடைக்கச்சை முழுக்கச் சிவப்பு, அதில் 1709 என்ற ஆண்டும் பின்னலிலேயே இருக்கிறது.

தொப்பி, பை என்றால் முதல் வழி போதும், சலித்தால் சாயம் பூசிக்கொள்ளுங்கள். பட்டைக்கு இரண்டாவது. குறிப்பிட்ட ஒரு உருவம் வந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் மூன்றாவதைத் தொடுங்கள், அதுவும் முதலில் தடித்த நூலில், இரண்டு எதிர்நிறத்தில், ஒரு குறுகிய பாவில்.