இளம் வீரரை எங்கே ஆட வைப்பது: முதல் அணியா, பெஞ்சா, இரண்டாம் அணியா?

இந்த சீசன் தொடங்குவதற்கு முன்னால் எங்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சிக் குழுவில் அதிகம் பேசப்பட்டது ஒரு பத்தொன்பது வயது பாயிண்ட் கார்டைப் பற்றித்தான் (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்). திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நேராக முதல் அணியில் இறக்கி நிறைய நிமிடங்கள் கொடுப்பதா, சீனியர்களோடு பெஞ்சில் உட்கார வைத்துப் பழக்குவதா, இரண்டாம் அணிக்கு அனுப்பி முழு ஆட்டமும் ஆட விடுவதா என்பதில்தான் இழுபறி. கடைசியில் இரண்டாம் அணிக்கு அனுப்பினோம். நான் ஆரம்பத்திலிருந்தே அந்தப் பக்கம்தான், அதனால் கீழே எழுதுவதில் என் சாய்வு தெரியும். அதை மறைக்கப் போவதில்லை.

நேராக இறக்குவதை ஆதரிப்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் யானிஸ் அடெடோகும்போ. அமெரிக்காவின் என்பிஏ லீக் அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2013-ல் 15வது ஆளாக மில்வாக்கி அணி எடுத்தது, முதல் வருடமே 77 ஆட்டங்களில், ஆட்டத்துக்குச் சராசரியாக 24 நிமிடங்களுக்கு மேல் ஆட வைத்தது. பிறகு 2019, 2020 இரண்டு வருடமும் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்), 2021-ல் சாம்பியன். சரிதான். ஆனால் அந்த முதல் வருடம் மில்வாக்கி ஜெயித்தது 15 ஆட்டம், தோற்றது 67. இழக்க எதுவும் இல்லாத அணியில் ஒரு பையன் எத்தனை தப்பு செய்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அதே டிராஃப்டில் வந்த மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸும் அப்படித்தான், பிலடெல்பியாவின் தோற்றுக்கொண்டே இருந்த அணியில் நிறைய ஆடினார், அந்த சீசனின் சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார், 2015 பிப்ரவரியில் அதே அணி அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது. மோசமான அணியில் யாராவது ஒருவர் புள்ளி எடுத்துத்தான் ஆக வேண்டும், அதனால் அந்த எண்களில் எது வளர்ச்சி, எது வெறும் வாய்ப்பு என்று பிரிப்பது கஷ்டம். ஜெயிக்க வேண்டிய அணிக்கு இந்த வழியே கிடையாது, கோச்சின் வேலை போய்விடும்.

பெஞ்ச் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீனியர் எப்படித் தூங்குகிறார், எப்படிச் சாப்பிடுகிறார், ஆட்டத்துக்கு முன்னால் எதிராளியின் வீடியோவை எப்படிப் பார்க்கிறார் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளலாம். அது உண்மையான லாபம்தான். ஆனால் களத்தில் கிடைப்பது ஆட்டம் முடிவாகிவிட்ட பிறகு வரும் கடைசி இரண்டு மூன்று நிமிடங்கள். அந்த நேரத்தில் யாரும் ஒழுங்காகத் தடுப்பதில்லை. சீசன் நடுவில் பயணமும் ஓய்வுமாகவே போவதால் முழு வேகப் பயிற்சியும் அரிது.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். ஒரு பாயிண்ட் கார்டு தினமும் எதிர்கொள்ளும் ஒரே ஒரு நொடியை எடுத்துக்கொள்வோம். பந்தோடு ஸ்கிரீனை (தடுப்பவரின் வழியை மறித்து நிற்கும் நம் ஆளை) சுற்றி வருகிறான். எதிரணி சென்டர் (வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரர்) வளையம் பக்கமாகப் பின்வாங்கி நிற்கிறார். நம் சென்டர் உள்ளே ஓடுகிறார், அவரைத் தடுக்க எதிர்ப்பக்க கார்னரை, அதாவது களத்தின் மூலையை, காவல் காக்கும் டிஃபெண்டர் ஓரடி உள்ளே வைக்கிறார். அந்த ஓரடியில்தான் கார்னரில் இருக்கும் நம் ஷூட்டர் காலியாகிறார். பாஸ் அரை விநாடி முன்னால் போனால் டிஃபெண்டர் இன்னும் நகர்ந்திருக்கவே மாட்டார், பந்தைத் தட்டிப் பறித்துக்கொள்வார். அரை விநாடி தாமதித்தால் அவர் தன் இடத்துக்குத் திரும்பியிருப்பார். இதை வீடியோவில் நிறுத்திக் காட்டினால் எங்கள் பையன் நம்மைவிட நன்றாக விளக்குவான். களத்தில், பெரிய உடம்புகள் கண்ணை மறைக்கும்போது, கை தானாகப் பாஸை விட வேண்டும். அது எண்ணிக்கையால் மட்டுமே வரும்.

முதல் அணியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தாலும் பந்து நட்சத்திர வீரரின் கையில்தான் இருக்கும், இவன் கார்னரில் நின்று காத்திருப்பான். அந்த நொடி ஒரு ராத்திரிக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். முதல் முறை தப்பினால் உடனே தலை பெஞ்ச் பக்கம் திரும்பும், ‘என்னை வெளியே எடுக்கப் போகிறார்களா’ என்று. இரண்டாவது முறை பயத்தில் பாதுகாப்பான பாஸைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவான். இரண்டாம் அணியில் முப்பது நிமிடத்துக்கு மேல் பந்து இவன் கையில். முதல் குவார்ட்டரில் அந்தப் பாஸைத் தொலைத்தால் மூன்றாவது குவார்ட்டரில் அதே டிஃபெண்டர், அதே ஓரடி, மறுபடி முயன்று பார்க்கலாம். தப்பும் திருத்தமும் ஒரே ஆட்டத்துக்குள் நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம். மற்ற இரண்டு வழியிலும் அது கிடைக்காது.

இதற்கு நல்ல உதாரணம் ஜோர்டன் பூல், ஏனென்றால் அவரிடம் இரண்டு வழியையும் பார்க்கலாம். 2019-20-ல் கோல்டன் ஸ்டேட்டில் காயங்களால் ஆள் இல்லாமல் போக, 28வது ஆளாக எடுக்கப்பட்ட இவருக்கு நிறைய நிமிடங்கள் கிடைத்தன, அணி ஜெயித்தது 15, தோற்றது 50, இவருடைய ஷூட்டிங் வெறும் 33 சதவீதம். அடுத்த சீசன் நடுவில், என்பிஏ அணிகளின் இரண்டாம் அணிகள் ஆடும் ஜி லீகில், சாண்டா குரூஸ் அணிக்காக ஆட அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆள். 2022 சாம்பியன் அணியில் ஆட்டத்துக்குச் சராசரி 18 புள்ளிகளுக்கு மேல். பாஸ்கல் சியாகாமும் 2016-17-ல் டொரான்டோவுக்காகப் பல ஆட்டங்களைத் தொடக்க ஐவரில் ஒருவராக ஆடிய பிறகுதான் அதன் இரண்டாம் அணியான ராப்டர்ஸ் 905-க்கு அனுப்பப்பட்டார். அங்கே கோப்பையோடு இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது, 2019-ல் என்பிஏ சாம்பியன். 2025-ல் கோப்பை வென்ற ஓக்லஹோமா சிட்டியில் லூ டோர்ட், ஆரன் விகின்ஸ், அலெக்ஸ் கருசோ மூவருமே டூ-வே ஒப்பந்தம் (முதல் அணி, இரண்டாம் அணி இரண்டிலும் ஆடும் ஒப்பந்தம்) வழியாக என்பிஏவுக்குள் வந்தவர்கள்.

எதிர் உதாரணமாக ஜேம்ஸ் வைஸ்மேனைச் சொல்வார்கள். கல்லூரியில் மூன்றே ஆட்டம் ஆடியவர், 2020-ல் கோல்டன் ஸ்டேட் இரண்டாவது ஆளாக எடுத்து நேராக நட்சத்திர வீரர் ஸ்டீபன் கரியோடு ஆட வைத்தார்கள், 2023-ல் டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் வாதத்துக்கு வசதியான கதை, ஆனால் முழங்கால் காயத்தால் ஒரு சீசன் முழுக்கப் போய்விட்டதால் அதை வைத்து எதையும் நிரூபிக்க நான் முயல மாட்டேன்.

இரண்டாம் அணி என்றால் எந்த இரண்டாம் அணியும் இல்லை. முதல் அணியின் அதே ஆட்டமுறை, அதே சைகைகள், அதே டிஃபென்ஸ் வேண்டும். என்பிஏவின் சான் அன்டோனியோ 2007-லேயே இரண்டாம் நிலை லீகின் ஆஸ்டின் அணியை விலைக்கு வாங்கியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். சான் அன்டோனியோ எடுத்த கார்டு டெரிக் ஒயிட் முதல் வருடத்தின் பெரும்பகுதியை அங்கே கழித்துவிட்டு வந்தவர். தூரமும் முக்கியம், 905 டொரான்டோவை ஒட்டிய மிசிசாகாவில் இருப்பதால் காலையில் ஒரு அணியோடு பயிற்சி, மாலையில் இன்னொரு அணிக்கு ஆட்டம் என்று மாற்ற முடிகிறது. இரண்டாம் அணியின் கோச் தன் இஷ்டப்படி ஆட்டம் நடத்துபவர் என்றால் பெஞ்சே மேல் என்பேன்.

தண்டனை மாதிரித் தோன்றும் என்பது இன்னொரு பிரச்சினை, அது நியாயமான கவலை. “கோச், நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்றுதான் எங்கள் பையன் முதலில் கேட்டான். கார்னர் பாஸ், ஸ்கிரீனுக்கு மேலால் போய்த் தடுப்பது, இடது கையால் முடிப்பது என்று மூன்று விஷயங்களை எழுதிக் கொடுத்தோம். மேலே கூப்பிடுவது இவற்றைப் பார்த்துத்தான், புள்ளிகளைப் பார்த்து இல்லை என்றோம். ஜி லீக் மாதிரி வேகமான, டிஃபென்ஸ் தளர்ந்த இடத்தில் முப்பது புள்ளி எடுப்பது பெரிய செய்தி இல்லை. பணத்தைப் பற்றி அப்புறம் அவனுடைய ஏஜென்ட் கேட்டார். எங்கள் ஒப்பந்தத்திலும் சம்பளம் குறையாது, என்பிஏவிலும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த வீரரை ஜி லீகுக்கு அனுப்பினால் முழுச் சம்பளம் உண்டு.

சென்டர்கள் விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் வேலை செய்ததெல்லாம் பெரும்பாலும் கார்டுகளோடு. ரூடி கோபேர் 2013-14-ல் இரண்டாம் நிலை லீகின் பேக்கர்ஸ்ஃபீல்ட் அணியில் ஆடிவிட்டு வந்து நான்கு முறை சிறந்த டிஃபெண்டர் விருது வாங்கினார், அதனால் முடியாது என்று இல்லை. ஆனால் சென்டருக்குப் பந்து கொடுக்க நல்ல கார்டு வேண்டும், இரண்டாம் அணியில் இருக்கும் கார்டுகளோ தங்கள் அடுத்த ஒப்பந்தத்துக்காக ஷாட் தேடுபவர்கள். உயரமான பையன் ஒருவன் வந்தால் முதல் அணியிலேயே நல்ல பாஸர் பக்கத்தில் பத்து நிமிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது.