கொலுசு, சேலை, ஏற்காட்டுப் பனி: படத்திருத்தம் பழக எந்த மென்பொருள்?

இளம்பிள்ளையில் சேலை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் விற்பவர்கள், செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்துப் பிள்ளைகள், ஏற்காட்டில் இரண்டு மூன்று அறைகளை ஹோம்ஸ்டேயாக விடுபவர்கள். சேலத்தில் படம் திருத்தப் பழக வேண்டும் என்று வருபவர்களில் இவர்கள்தான் அதிகம். கேள்வியும் ஒன்றுதான்: "ஃபோட்டோஷாப்தான் கத்துக்கணுமா, வேற ஏதாவது போதுமா?"

மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. எந்த மென்பொருளில் எத்தனை வசதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஃபோட்டோஷாப்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் புதிதாகப் பழகுபவர் அந்த வசதிகளில் பத்தில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். அதனால் நம் ஊரில் நிஜமாகவே வரும் வேலைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யார் முன்னால் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

முதலில் போட்டியாளர்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-ல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பை 2013-லிருந்து அடோபி சந்தாவாகத்தான் தருகிறது, ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஜிம்ப் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் 1995-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வந்தது. அஃபினிட்டி காசு கொடுத்து வாங்கும் மென்பொருளாக இருந்தது. 2024-ல் அதைக் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபர் இறுதியில் இலவசமாக்கிவிட்டது. ஒரு கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். ஃபோட்டோபீ பிரவுசரிலேயே திறப்பது, பார்வைக்கு அசல் ஃபோட்டோஷாப் மாதிரியே இருக்கும். போனில் ஸ்னாப்சீட் என்ற ஆப். கேன்வாவை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. தயாராக இருக்கும் டிசைனில் படத்தையும் எழுத்தையும் மாற்ற அது அருமையான கருவி, ஆனால் படத்திருத்தம் பழக அது இடமில்லை.

சேலையின் நிறம்

துணி வியாபாரத்தில் திரும்பி வரும் சரக்குக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, படத்தில் பார்த்த கலர் வேறு, கையில் வந்த கலர் வேறு என்பது. வாடாமல்லி நிறம் போன் கேமராவில் நீலத்தை நோக்கி ஓடிவிடும். ராணி கலர் கண்ணைக் குத்தும் ரோஸாக மாறும். அரக்கு, மாம்பழ மஞ்சள் இரண்டும் ஓரளவு சொன்னபடி கேட்கும்.

இந்த வேலைக்குத் தொடக்கத்தில் ஸ்னாப்சீட் போதும் என்பேன். டியூப் லைட்டைத் தவிர்த்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். ஸ்னாப்சீட்டில் ஒயிட் பேலன்ஸ் பகுதிக்குப் போய், அந்தத் தாளைத் தொட்டுக் காட்டினால் மொத்த நிறமும் நேராகும். பிறகு தாள் இருக்கும் ஓரத்தை வெட்டிவிடலாம். விளம்பரமும் கிடையாது, காசும் கிடையாது. செய்த திருத்தங்கள் வரிசையாக நிற்கும், எந்தப் படிக்கு வேண்டுமானாலும் திரும்பலாம். ஒரு திருத்தத்தை ஜரிகைக்கு மட்டும் விரலால் தடவிக் காட்டவும் வழி இருக்கிறது.

நாளுக்கு முப்பது நாற்பது சேலை வந்தால் கதை வேறு. ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டிருக்க முடியாது. ஒரு படத்துக்குச் செய்த திருத்தத்தை மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே ஏற்ற வேண்டும். இங்கே ஜிம்ப் பின்தங்குகிறது, மொத்தமாகப் பல படங்களை ஓட்ட அதில் எளிய வழி இல்லை. ஃபோட்டோஷாப்பில் ஆக்ஷன் என்ற வசதியால் இது நடக்கும். ஆனால் இதற்கு நான் பரிந்துரைப்பது இரண்டையும் இல்லை, டார்க்டேபிள். பல படங்களை மொத்தமாகத் திருத்த அடோபி தரும் லைட்ரூம் செய்யும் வேலையைச் செய்யும் இலவச மென்பொருள் அது. ஒரு படத்தின் திருத்தங்களை நகலெடுத்து மற்ற படங்களின் மேல் ஒட்டிவிடலாம், ஜேபெக் படங்களுக்கும் வேலை செய்யும். எல்லாப் படங்களையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தில் எடுத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மயில்கழுத்து நிறச் சேலைக்கு எந்த மென்பொருளும் முழுத் தீர்வு தராது. ஊடும் பாவும் வேறு வேறு நிறம், பார்க்கும் கோணத்துக்குத் தக்கபடி மாறும். இரண்டு கோணத்தில் இரண்டு படம் போடுவதுதான் வாங்குபவருக்கு நேர்மை. சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியைக் கூட்டிப் பளபளப்பாக்கி விற்றால் அந்தச் சேலை திரும்பி வந்து சேரும்.

கொலுசு: உண்மையான சோதனை

மென்பொருளின் திறமையும் பழகுபவரின் பொறுமையும் தெரிவது கொலுசில்தான். கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி, தொங்கும் முத்து ஒவ்வொன்றுக்கும் தனி விளிம்பு, வெள்ளிக்குச் சொந்த நிறமே கிடையாது. எதிரில் நிற்பவர் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் கொலுசிலும் சிவப்பு ஏறிவிடும். பட்டியலுக்காகப் பின்னணியை எடுத்து வெள்ளையில் வைக்கச் சொல்வார்கள். வெள்ளைத் துணியில் வைத்து எடுத்தால், வெள்ளி எங்கே முடிகிறது துணி எங்கே தொடங்குகிறது என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. பளபளப்பில்லாத நடுத்தரச் சாம்பல் நிற அட்டையில் வைத்து எடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஃபோட்டோஷாப்பில் பொருளைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் அதுவே கொலுசைக் கண்டுபிடித்துத் தேர்ந்தெடுக்கும். வெளி விளிம்பு பெரும்பாலும் சரியாக வரும். கண்ணிகளின் உள் இடைவெளியில்தான் தடுமாறும், அங்கே நாம் கைவைக்க வேண்டும். விரல் ரேகை, தூசி, சின்னக் கீறல் ஆகியவற்றை நீக்கும் கருவியிலும் ஃபோட்டோஷாப் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னால் இருக்கிறது. இதை மறுத்து ஜிம்ப்பைத் தூக்கிப் பிடிப்பது நியாயமில்லை.

ஜிம்ப்பில் முன்புறப் பொருளைத் தானாகப் பிரிக்கும் கருவி இருந்தாலும், மெல்லிய சங்கிலிக்கு அது ஒத்துவராது. அங்கே பாத் கருவியை எடுத்து, புள்ளி புள்ளியாக வைத்து விளிம்பை நாமே வரைய வேண்டும். நேரம் பிடிக்கும், முதல் கொலுசுக்கு அலுப்பாகவும் இருக்கும். ஆனால் விளைவு சுத்தமாக வரும். பாத் வரைந்து, அதைத் தேர்வாக மாற்றி, லேயர் மாஸ்க் (அழிக்காமல் ஒரு பகுதியை மறைக்கும் திரை) போடத் தெரிந்துவிட்டால், அதே பழக்கம் ஃபோட்டோஷாப்பின் பென் கருவியிலும் அஃபினிட்டியிலும் ஃபோட்டோபீயிலும் அப்படியே செல்லும். லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள் மாதிரி), மாஸ்க், கர்வ்ஸ் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளைகோடு). இந்த மூன்றும் எல்லா மென்பொருளிலும் ஒரே தத்துவம்தான், பட்டன் இருக்கும் இடம்தான் மாறுகிறது. அழிப்பானால் பின்னணியை அழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அழித்தது போனதுதான். மாஸ்க் போட்டு மறைத்தால் நாளை தவறு தெரிந்தாலும் திருப்பிக் கொண்டுவரலாம்.

ஜிம்ப் 3.0 வந்த பிறகு ஒரு பெரிய குறை தீர்ந்தது. முன்பு பில்டர் போட்டால் அது படத்தில் அப்படியே பதிந்துவிடும். இப்போது லேயரோடு ஒட்டி நிற்கிறது, அளவை மாற்றலாம், எடுத்தும்விடலாம். ஃபோட்டோஷாப்பின் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (திருத்தத்தைத் தனி லேயராக வைப்பது) அளவுக்குக் கைக்கு இதமாக இல்லை என்றாலும், பழகுபவருக்கு இது போதும்.

அஃபினிட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அட்ஜஸ்ட்மென்ட் லேயர் உண்டு, பென் கருவி அருமை, தோற்றமும் ஒழுங்கு. செயற்கை நுண்ணறிவால் படத்தை நிரப்பும் வசதிகளுக்கு மட்டும் கேன்வாவின் கட்டணச் சந்தா வேண்டும். கொலுசுக்கு அது தேவையே இல்லை, இல்லாத முத்தை உருவாக்கிக் காட்டினால் வாங்குபவரை ஏமாற்றியதாகிவிடும்.

என் தீர்ப்பு: மாதம் பத்துப் பதினைந்து மாடல் என்றால் ஜிம்ப் அல்லது அஃபினிட்டி. வாரம் நூறு மாடல், ஆர்டர் காத்திருக்கிறது என்றால் ஃபோட்டோஷாப் சந்தா மிச்சமாகும் நேரத்திலேயே திரும்ப வந்துவிடும்.

ஏற்காட்டுப் பனி

1,515 மீட்டர் உயரத்தில், 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் எடுக்கும் படம். பகோடா பாயின்ட்டில் காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி, நடுவில் சில்வர் ஓக் மரங்களின் நிழலுருவம். போனில் திருத்தினால் பனி படி படியாகப் பட்டையடிக்கும். ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டும் வைத்திருப்பதால், மெல்லிய சாம்பல் சாய்வை இழுக்கும்போது படிகளுக்கு இடையே வெடிப்பு தெரிகிறது. கேமராவில் ராவாக (கேமரா பதிந்த மூலத் தகவல் அப்படியே இருக்கும் கோப்பாக) எடுத்து, நிறப் படிகள் மிக அதிகமான 16 பிட்டில் திருத்தினால் இது வராது. ஃபோட்டோஷாப், அஃபினிட்டி, ஜிம்ப் மூன்றுமே 16 பிட்டைத் தாங்கும். ராவைத் திறக்க ஜிம்ப்புக்கு டார்க்டேபிள் போன்ற துணை வேண்டும், மற்ற இரண்டுக்கும் உள்ளேயே இருக்கிறது. ஏற்காட்டுப் படம்தான் உங்கள் முதன்மை வேலை என்றால், டார்க்டேபிள் ஒன்றையே பிடித்துக்கொள்ளலாம்.

பனியைக் கலைக்கும் டீஹேஸ் என்ற பட்டனை ஹோம்ஸ்டேக்காரர்கள் பலர் கடைசிவரை இழுத்துவிடுகிறார்கள். மலை கருப்பாகி, வானம் அழுக்காகிவிடுகிறது. பனியைப் பார்க்கத்தானே சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஏறி வருகிறார்கள்! அதைத் தொடாமல், கர்வ்ஸில் கீழ்முனையை மட்டும் சற்று இறக்கினால் மரங்கள் அழுத்தமாகும், பனியும் நிற்கும்.

தமிழ் எழுத்தும் அச்சகமும்

ஆங்கிலத்தில் வரும் ஒப்பீடுகள் இந்தப் பக்கமே வருவதில்லை, நமக்கோ இது முதல் கேள்வி. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு பிளெக்ஸ், தங்கைக்கு வளைகாப்புப் பத்திரிகை என்று தமிழில் எழுத வேண்டி வரும். யூனிகோட் எழுத்தைத் தட்டினால் ஜிம்ப்பில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் விழும், எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. ஃபோட்டோஷாப்பில் 'கொ' எழுதினால் கொம்பு தனியாகப் பிரிந்து நின்றால் பயப்பட வேண்டாம். எழுத்து அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அஃபினிட்டியைத் தமிழ் எழுத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் முன் உங்களுக்குப் பிடித்த எழுத்துருவில் 'கௌ', 'ஸ்ரீ' இரண்டையும் தட்டிப் பாருங்கள். இந்திய மொழிகளில் அது வெகுகாலம் பலவீனமாகவே இருந்தது.

அச்சகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் முதலில் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்து அச்சகங்களிலும் பிளெக்ஸ் கடைகளிலும் பெரும்பாலும் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில்தான் வேலை ஓடுகிறது, யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருக்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் எழுத்தைப் படமாகவோ கோடாகவோ மாற்றிக் கொடுப்பது பாதுகாப்பு. அளவையும் கவனிக்க வேண்டும். 7 அங்குலத்துக்கு 5 அங்குலப் பத்திரிகை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2100-க்கு 1500 பிக்சல். 6 அடிக்கு 4 அடி பிளெக்ஸ் தூரத்திலிருந்து பார்ப்பது, 72 டிபிஐ போதும், 5184-க்கு 3456 பிக்சல் வரும்.

அச்சுக்குரிய நான்கு மை நிறமான சி.எம்.ஒய்.கே.யில் ஃபோட்டோஷாப்பும் அஃபினிட்டியும் நேரடியாக வேலை செய்யும். ஜிம்ப் திரைக்குரிய ஆர்.ஜி.பி.யில்தான் வேலை செய்யும், வெளியே எடுக்கும்போது டிஃப் அல்லது ஜேபெக்கை சி.எம்.ஒய்.கே.யாக மாற்றித் தரும். எப்போதாவது ஒரு பத்திரிகைக்கு அது போதும். அச்சகத்தில் வேலைக்குச் சேரப் போகிற பிள்ளை என்றால் யோசிக்காமல் ஃபோட்டோஷாப்பும் கோரல்டிராவும் கற்கட்டும், வேலை கொடுப்பவர்கள் கேட்பது அதைத்தான்.

கையில் இருக்கும் கணினி, கையில் இருக்கும் காசு

ஃபோட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், வசதியாக ஓட 16 ஜிபி. 4 ஜிபி உள்ள பழைய லேப்டாப்பில் ஜிம்ப் மெதுவாகவாவது நகரும். எதையும் நிறுவ முடியாத கல்லூரிக் கணினி என்றால் ஃபோட்டோபீ. படம் எங்கும் ஏறாமல் உங்கள் கணினியிலேயே திருத்தப்படுகிறது, பக்கம் ஒருமுறை திறந்துவிட்டால் மலையில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். ஃபோட்டோஷாப் பிடிக்குமா என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளவும் இதுதான் சிறந்த வழி.

கிராக் ஃபோட்டோஷாப்பைப் பென் டிரைவில் வாங்கிப் போடுவதை வன்மையாகத் தடுக்கிறேன். அதை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதே கணினியில்தான் யுபிஐயும் வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர் முகவரிகளும் இருக்கின்றன. இலவசமாக இத்தனை நல்ல மென்பொருள் இருக்கும்போது அந்த ஆபத்துக்கு ஒரு நியாயமும் இல்லை.

சந்தா கட்ட முடிவு செய்தால், மாதத் தவணையாகத் தெரிவது ஓர் ஆண்டு ஒப்பந்தமா என்று படித்துப் பாருங்கள். அப்படியானால் முதல் 14 நாள் தாண்டி நடுவில் நிறுத்தும்போது மீதமுள்ள மாதங்களுக்கான தொகையில் ஒரு பங்கைக் கேட்பார்கள். தீபாவளி சீசனுக்கு மட்டும் தேவை என்றால், மாதாமாதம் நிறுத்தக்கூடிய திட்டம் விலை கூடுதலானாலும் கணக்கில் லாபம்.

ஜிம்ப்பில் தொடங்கிப் பின்னால் ஃபோட்டோஷாப்புக்கு மாறலாம் என்று நினைப்பவர்கள், முக்கியமான வேலைகளை ஜிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பாக வைத்துக்கொள்வதோடு, லேயர்களுடன் ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. வடிவில் ஒரு நகலும் எடுத்து வையுங்கள். எழுத்து லேயர் மட்டும் படமாக மாறிவிடக்கூடும், அந்த வாசகத்தைத் தனியாக எழுதி அதே போல்டரில் போட்டுவிட்டால் மாறும் நாளில் மறுபடி தட்டிக்கொள்ளலாம்.