பி.காம் மாணவர்களின் முதல் நெட்வொர்க் லேப்: பாக்கெட் டிரேசரா, வயர்ஷார்க்கா?

பி.காம் சி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு நெட்வொர்க்கிங் தாள் எடுக்கிறேன். லேப் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். முதல் மூன்று வருடம், திரையிலேயே பாவனையாக நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசரில் நடத்தினேன். கடந்த இரண்டு வருடமாக, கணினிக்கு வந்துபோகும் நிஜமான தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் நடத்துகிறேன். புதிதாக இந்தத் தாள் கைக்கு வந்தவர்கள் எதை எடுக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் வயர்ஷார்க் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்பதை ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

விலை பற்றிப் பேச ஒன்றுமில்லை, இரண்டும் இலவசம். பாக்கெட் டிரேசர் சிஸ்கோவுடையது, அவர்களின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்க வேண்டும். வயர்ஷார்க் திறந்த மூல மென்பொருள். 1998-ல் ஜெரால்ட் கோம்ப்ஸ் ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்டது, 2006-ல் பெயர் மாறியது. சாதாரண லேப் கம்ப்யூட்டரில் இரண்டுமே ஓடும்.

பாக்கெட் டிரேசரின் பலம் அது கொடுக்கும் தைரியம். ரவுட்டர், ஸ்விட்ச், நான்கு கம்ப்யூட்டர் என்று திரையில் இழுத்துப் போட்டு, கேபிள் மாட்டி, தவறாகப் போனால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பாக்கெட், அதாவது தரவின் ஒரு சிறு துண்டு, கடித உறை மாதிரி ஒவ்வொரு கருவியாகத் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது வகுப்பே அமைதியாகிவிடும். ஆனால் நான்காவது வாரத்தில் ரவுட்டர் கட்டளைகள் வந்துவிடும். ரவுட்டரின் போர்ட்டுகள் மூடியே இருக்கும், 'நோ ஷட்டவுன்' என்று தட்டினால்தான் திறக்கும். பாதிப் பேர் அதை மறந்துவிட்டு, சிவப்பு முக்கோணம் ஏன் பச்சையாகவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். வணிகவியல் படிக்கிற பிள்ளை கடைசியில் கட்டளையை மனப்பாடம் செய்துவிட்டு, நெட்வொர்க் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு போகிறது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

வயர்ஷார்க்கில் முதல் நாள் கொஞ்சம் மிரட்டும். ஒரு நிமிடம் ஓடவிட்டாலே ஆயிரக்கணக்கான வரிகள் வந்து விழும். அதனால் நான் பிரவுசரையே திறக்கவிடுவதில்லை. முதலில் ஒரு பிங் மட்டும் (இருக்கிறாயா என்று இன்னொரு கணினியைக் கேட்கும் சிறு செய்தி) அனுப்பச் சொல்லி, மேலே வடிகட்டியில் பிங் பயன்படுத்தும் நெறிமுறையின் பெயரான ஐசிஎம்பி என்று தட்டச் சொல்வேன். போன கேள்வியும் வந்த பதிலும் மட்டும் அடுத்தடுத்து நிற்கும். அப்புறம்தான் வலைத்தளம். ஒரு வரியைத் தொட்டால் ஈதர்நெட், ஐபி, டிசிபி என்று தரவைச் சுமக்கும் நெறிமுறைகள் அடுக்கடுக்காக விரியும், லேயர் பாடத்துக்குத் தனியாகப் படம் போட வேண்டியதில்லை. நிறைய வரிகளில் நீளம் 1514 பைட் என்று இருக்கும். அதில் ஈதர்நெட் தலைப்பு 14, ஐபி 20, டிசிபி 20, மீதி 1460. சரக்கு 1460, உறையும் விலாசமும் 54 என்று சொன்னால் வணிக மாணவருக்கு உடனே புரிகிறது, லாரி வாடகைக் கணக்கு மாதிரி.

இதெல்லாம் இருக்கட்டும். என் முடிவை மாற்றியது வயர்ஷார்க்கில் நேரம் காட்டும் அந்த ஒரு நெடுவரிசைதான். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து இணைய இணைப்புக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். இணையம் மெதுவாக இருக்கிறது என்றால் விற்க வருகிறவர் 100-லிருந்து 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறச் சொல்வார், இவர்களும் மாறுவார்கள். பேண்ட்வித் (ஒரு வினாடியில் எவ்வளவு தரவு போகும்) வேறு, தாமதம் (போய்வர எவ்வளவு நேரம் ஆகும்) வேறு என்பதைப் போர்டில் எத்தனை முறை எழுதினாலும் தேர்வு முடிந்ததும் போய்விடுகிறது.

போன வருடம் திருப்பூரிலிருந்து வரும் ஒரு மாணவர் வீட்டுப் பிரச்சினையைக் கொண்டுவந்தார். அப்பா பனியன் ஜாப் ஒர்க் செய்கிறார், பில்லிங் மென்பொருள் வாடகை சர்வரில் இருக்கிறது, ஒரு பில் திறக்கப் பத்து வினாடி ஆகிறது. இரண்டு தடவை பிளானை உயர்த்தியும் மாற்றமில்லை. வீட்டு மடிக்கணினியில் வயர்ஷார்க்கை ஓடவிட்டு அந்தக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். இணைப்பு தொடங்கும் இடத்தில் இணைப்புக் கேட்கும் 'சின்' போனதற்கும் சர்வர் சம்மதம் சொல்லும் 'சின் ஏக்' வந்ததற்கும் இடையே 0.24 வினாடி. ஒரு பில் திறக்க மென்பொருள் சர்வரிடம் கிட்டத்தட்ட 40 முறை கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கிறது. 40-ஐ 0.24-ஆல் பெருக்கினால் 9.6. சர்வர் அமெரிக்காவில் இருந்தது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு நேர்க்கோட்டில் 14,000 கிலோமீட்டர் என்று வைத்தாலும் போய்வர 0.14 வினாடி கட்டாயம் ஆகும், கேபிள் நேர்க்கோட்டில் போவதுமில்லை. எம்பிபிஎஸ்ஸை எவ்வளவு கூட்டினாலும் அந்தத் தூரம் குறையாது. சர்வரை மும்பைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார்கள், மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது ஒரு சுற்றுக்கு 0.03 வினாடி, பில் ஒரு வினாடிக்குக் கொஞ்சம் மேலே. பிளானையும் பழையபடி குறைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பாடத்தைப் பாக்கெட் டிரேசரில் என்னால் நடத்த முடிந்ததில்லை. அங்கே எல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குள் நடக்கும் பாவனை, அதில் வரும் மில்லிசெகண்ட் நிஜமான தூரத்தைச் சொல்லாது.

வயர்ஷார்க்கில் தொல்லையும் உண்டு. விண்டோஸில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் கொடுக்கும் என்பிகேப் என்ற டிரைவரையும் சேர்த்து நிறுவ வேண்டும், அதற்கு லேப் பொறுப்பாளரின் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். நான் இரண்டு வாரம் அலைந்தேன், அதனால் செமஸ்டர் தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள். அவரவர் கணினியின் போக்குவரத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள், அடுத்தவர் போக்குவரத்தை அனுமதியில்லாமல் பார்ப்பது தவறு. எச்டிடிபிஎஸ் தளங்களின் உள்ளடக்கம் மறையாக்கத்தில் இருப்பதால் தெரியாது, நம் பாடத்துக்கு அது தேவையுமில்லை. நான் நடத்தியதெல்லாம் கேபிளில் இணைத்த விண்டோஸ் கணினிகளில்தான். மாணவர்களின் சொந்த மடிக்கணினிகளை வைஃபையில் வைத்து ஒரு முழு வகுப்பு நடத்தியதில்லை, அது எப்படிப் போகும் என்று என்னை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஒரு நெட்வொர்க்கைச் சிறு பிரிவுகளாகப் பிரிக்கும் சப்நெட், வி-லேன் இரண்டையும் வயர்ஷார்க்கை மட்டும் வைத்துக் கற்றுக்கொடுப்பது சிரமம், ஏனென்றால் அங்கே கட்டிப் பார்க்க இடமில்லை. அதற்காகக் கடைசி மூன்று வாரம் பாக்கெட் டிரேசருக்குப் போகிறேன். அந்த மூன்று வாரத்தில் யாராவது ரவுட்டரை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தால், சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ் பக்கம் போக விருப்பமா என்று கேட்பேன். ஆம் என்றால் அவர்களுக்கு இனி பாக்கெட் டிரேசர்தான் சரி. அப்படி வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வருகிறார்கள்.